911 அழைத்தால் பின்னால் வரும் பில்: அமெரிக்க ஆம்புலன்ஸ் கணக்கு

"மகன் நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறான். நானும் அவன் அப்பாவும் ஆறு மாதம் தங்கிவிட்டு வரப் போகிறோம். அவருக்கு 68 வயது, சர்க்கரை உண்டு, ஸ்டென்ட் வைத்து நாலு வருடமாகிறது. அங்கே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் சொத்தை விற்கவேண்டும் என்று பயமுறுத்துகிறார்கள். இன்சூரன்ஸ் இருந்தால் எவ்வளவு ஆகும், இல்லாவிட்டால் எவ்வளவு?" என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார்.

அம்மா, நான் அமெரிக்காவைப் பார்த்ததில்லை. ஆனால் சென்னையில் ஒன்பது வருடம் நைட் ஷிஃப்டில் உட்கார்ந்து அமெரிக்க ஆம்புலன்ஸ் பில்களைத்தான் பார்த்தேன். அங்கே ஒருவர் சமையலறையில் வழுக்கி விழுந்தால், அந்தப் பயணத்தின் காகிதம் சில நாளில் பெருங்குடியிலோ அம்பத்தூரிலோ ஒரு கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். அதற்குரிய கோடு எண்ணை (code) எழுதி, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பி, காசு வராவிட்டால் போன் போட்டு ஏன் வரவில்லை என்று கேட்பது எங்கள் வேலை. அதனால் இந்தக் கணக்கு எனக்கு உள்ளிருந்து தெரியும்.

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். சொத்தை விற்கவேண்டியதில்லை. தரைவழி ஆம்புலன்ஸ் என்றால் பெரும்பாலும் ஆயிரம் டாலரிலிருந்து இரண்டாயிரத்துக்குள் முடியும். ஃபேர் ஹெல்த் என்கிற அமைப்பு இன்சூரன்ஸ் கிளெய்ம்களைத் தொகுத்துப் பார்த்ததில், 2020-இல் அடிப்படை வகை அவசர ஆம்புலன்ஸுக்குச் சராசரியாகக் கேட்கப்பட்ட தொகை 940 டாலர், உயர்வகைக்கு 1,277 டாலர். மைல் கணக்கு தனி. அதற்குப் பிறகு விலை ஏறித்தான் இருக்கும். ஹெலிகாப்டர் வேறு உலகம், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இந்தத் தொகை எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். பில்லில் முக்கியமாக இரண்டு வரி. ஒன்று பயணக் கட்டணம், இன்னொன்று மைல். முதலுதவி, ஆக்சிஜன், ஸ்ட்ரெச்சர் அளவில் கவனித்துக் கொண்டுபோனால் அடிப்படை வகை, அதன் கோடு ஏ0429. பாராமெடிக், அதாவது கூடுதல் பயிற்சி பெற்ற அவசர சிகிச்சைப் பணியாளர், வந்து இதயத் துடிப்பை மானிட்டரில் பார்த்து, நரம்பில் ஊசி ஏற்றி, மருந்து கொடுத்தால் உயர்வகை, ஏ0427. மைலுக்கு ஏ0425. நோயாளி வண்டியில் இருக்கும் தூரம் மட்டும்தான் கணக்கு. வண்டி உங்கள் வீட்டுக்கு வந்த தூரத்துக்கும் திரும்பிப் போகும் தூரத்துக்கும் காசு கிடையாது. சிலர் ஆக்சிஜன், கையுறை வரை தனித்தனியாக எழுதி அனுப்புவார்கள்.

இதில் பலருக்கும் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. "ஒரு ஊசி கூடப் போடவில்லை, எதற்கு உயர்வகைக் கட்டணம்?" என்பார்கள். 911 என்கிற அவசர எண்ணில் நெஞ்சுவலி என்று சொல்லியிருந்தால், அதற்குரிய வண்டியாகப் பாராமெடிக் வந்து, அவர் நோயாளியைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையே உயர்வகைக் கட்டணத்துக்குப் போதும். முதியவர்களுக்கான அரசு இன்சூரன்ஸான மெடிகேரின் விதியே அப்படித்தான். மெடிகேர் ஒவ்வொரு வகைக்கும் ஓர் எடை, அதாவது கட்டணத்தைப் பெருக்கும் எண், வைத்திருக்கிறது. அவசரமில்லாத அடிப்படைப் பயணம் 1 என்றால், அவசர அடிப்படை 1.60, அவசர உயர்வகை 1.90. நிலைமை மிக மோசமாகி மூச்சுக்குழலுக்குள் குழாய் செருகும் அளவுக்குப் போனால் 2.75.

சரி, இன்சூரன்ஸுக்கு வருவோம். கணக்குப் புரிவதற்காக ஒரு பில்லை நானே போடுகிறேன். பயணக் கட்டணம் 1,300, ஆறு மைலுக்கு மைலுக்கு 25 வீதம் 150, ஆக 1,450 டாலர்.

இன்சூரன்ஸ் இல்லாதவருக்கு 1,450-உம் அவர் தலையில். ஆனால் அது கேட்கும் விலை, முடிகிற விலை அல்ல. அதைப் பிறகு சொல்கிறேன்.

வேலை பார்க்கும் இடத்தில் நல்ல இன்சூரன்ஸ் இருப்பவர், உங்கள் மகனைப் போல என்று வையுங்கள். அவருடைய கம்பெனி இந்தப் பயணத்துக்கு 800 டாலர்தான் நியாயம் என்கிறது. ஆம்புலன்ஸ்காரர் அந்தக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டிருந்தால், அதாவது நெட்வொர்க்குக்குள் இருந்தால், 800-க்கு மேல் கேட்க முடியாது. அதில் 80 சதவீதம் கம்பெனி கொடுத்தால் மகன் கொடுப்பது 160. ஆனால் அந்த வருடத்துக்கான டிடக்டிபிள், அதாவது கம்பெனி கொடுக்கத் தொடங்குவதற்கு முன் கையிலிருந்து போகவேண்டிய முதல் தொகை, இன்னும் தீரவில்லை என்றால் அந்த 800-உம் அவர்தான் கட்டவேண்டும். ஜனவரியில் விழுந்தவருக்கும் நவம்பரில் விழுந்தவருக்கும் பில் வேறாக இருப்பது இதனால்தான்.

நெட்வொர்க்குக்கு வெளியே என்றால்? கம்பெனி 640 கொடுக்கிறது, மகன் பங்கு 160. மீதி 650-ஐ ஆம்புலன்ஸ்காரர் மகனுக்கே அனுப்பிவிடலாம். ஆக இன்சூரன்ஸ் இருந்தும் 810 டாலர். இதைத்தான் பேலன்ஸ் பில்லிங் என்பார்கள்.

இது அபூர்வம் என்று நினைக்காதீர்கள். ஆம்புலன்ஸில் இதுதான் வாடிக்கை. டாக்டர் ஒருவர் இன்சூரன்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் போடுவது எதற்கு? நோயாளிகள் வருவார்கள் என்பதற்கு. ஆம்புலன்ஸுக்கு 911 ஆள் அனுப்பிவிடுகிறது. தள்ளுபடி கொடுத்து ஒப்பந்தம் போட அவர்களுக்கு என்ன அவசியம்? நோயாளியும் தரையில் கிடந்துகொண்டு "நெட்வொர்க் வண்டியாக அனுப்புங்கள்" என்று சொல்ல முடியாது. எதிர்பாராத பில்களைத் தடுக்க 2022 ஜனவரி 1 முதல் ஒரு தேசியச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதில் ஹெலிகாப்டரும் விமானமும் உண்டு, தரைவழி ஆம்புலன்ஸ் மட்டும் விடுபட்டுப்போனது. அதற்காக ஒரு குழு போட்டு, அந்தக் குழுவும் நோயாளியின் பங்கு 100 டாலர் அல்லது பத்து சதவீதம், எது குறைவோ அதற்கு மேல் போகக்கூடாது என்று பரிந்துரைத்தது. சட்டமாகவில்லை. சில மாநிலங்கள் தாமே செய்துகொண்டன. கலிஃபோர்னியாவில் 2024 முதல் நெட்வொர்க்குக்கு வெளியே என்றாலும் உள்ளே இருப்பதைப் போன்ற பங்குதான் கேட்கலாம். இன்சூரன்ஸ் இல்லாதவரிடமும் அரசுத் திட்டங்கள் கொடுக்கும் விலைக்கு மேல் கேட்க முடியாது. ஆனால் பெரிய கம்பெனிகள் தங்கள் சொந்தப் பணத்திலேயே ஊழியர் இன்சூரன்ஸை நடத்துவது அங்கே சாதாரணம். அப்படிப்பட்ட திட்டங்களை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஐ.டி. வேலையில் இருக்கும் நம் பிள்ளைகள் பலர் அந்த வகைத் திட்டத்தில்தான் இருப்பார்கள்.

65 வயதுக்கு மேற்பட்ட அமெரிக்கர்களுக்கு மெடிகேர். அதில் வருடாந்தர டிடக்டிபிள் போக 80 சதவீதம் அரசு, 20 சதவீதம் நோயாளி. மீதி என்று ஒரு காசு கேட்கக்கூடாது, சட்டம். ஏழைகளுக்கான மெடிகெய்டில் அனேகமாக ஒன்றுமே இல்லை. நீங்கள் விசிட்டர் விசாவில் போகிறீர்கள் என்பதால் இரண்டுமே உங்களுக்குப் பொருந்தாது. மகன் தன் ஆபீஸ் இன்சூரன்ஸில் உங்களைச் சேர்க்கவும் பொதுவாக முடியாது.

ஆகவே உங்களுக்கு இருப்பது விசிட்டர் இன்சூரன்ஸ் ஒன்றுதான். நீங்கள் உட்கார்ந்து படிக்கவேண்டிய காகிதம் அதுதான், நானும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இதில் இரண்டு ஜாதி. ஒன்று, ஒவ்வொன்றுக்கும் இவ்வளவுதான் என்று தொகை நிர்ணயித்த திட்டம். பிரீமியம் குறைவு, ஊரில் எல்லோரும் வாங்கிக் கொடுப்பது இதைத்தான். ஆம்புலன்ஸுக்கு ஒரு பயணத்துக்குச் சில நூறு டாலர் என்று போட்டிருக்கும். 1,450-க்கு பில் வந்தால் அந்தச் சில நூறு போக மீதி உங்களுடையது. இன்னொன்று, டிடக்டிபிள் போக மீதியில் பெரும்பங்கை ஏற்கும் விரிவான திட்டம். பிரீமியம் கூடுதல்தான். இரண்டாவதை எடுங்கள் என்பது என் கருத்து, ஆம்புலன்ஸுக்காக அல்ல. ஆம்புலன்ஸ் பில் ஆயிரங்களில் நிற்கும். அது போய் நிற்கிற ஆஸ்பத்திரியின் பில் பல்லாயிரங்களில் ஓடும். முதல் வகைத் திட்டம் கைவிடுவது அங்கேதான்.

எந்தத் திட்டமானாலும் ஆம்புலன்ஸ் பத்தியில் ஒரு வரியைத் தேடுங்கள். விபத்தில் அடிபட்டால் ஆம்புலன்ஸ் உண்டு, நோய் என்றால் ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாக அட்மிட் ஆனால் மட்டும் உண்டு என்று பல திட்டங்களில் இருக்கும். உங்கள் கணவருக்கு ராத்திரி நெஞ்சைப் பிடிக்கிறது, 911 அழைக்கிறீர்கள், எமர்ஜென்சியில் ஆறு மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு வாயுத்தொல்லைதான் என்று அனுப்பிவிடுகிறார்கள். சந்தோஷமான முடிவு. ஆனால் அட்மிஷன் இல்லை, ஆகவே ஆம்புலன்ஸ் காசும் இல்லை.

இரண்டாவது, ஏற்கெனவே இருக்கும் நோய். அவருக்கு ஸ்டென்ட் இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது. விசிட்டர் திட்டங்கள் இவற்றை ஒதுக்கிவிட்டு, "பழைய நோய் திடீரென்று தீவிரமானால்" என்று ஒரு சிறு கதவை மட்டும் திறந்து வைத்திருக்கும். அதற்கு எவ்வளவு வரம்பு, எந்த வயது வரை, எத்தனை மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கவேண்டும் என்பதைப் படியுங்கள். 70 தாண்டினால் பல திட்டங்களில் வரம்பு சட்டென்று சுருங்கும். அவருக்கு 68 என்பது இந்த விஷயத்தில் நல்ல காலம். மருந்துச் சீட்டில் இருப்பதை விண்ணப்பத்தில் மறைத்து எழுதாதீர்கள். கிளெய்ம் வரும்போது ஊரிலிருந்து பழைய ரிப்போர்ட்டெல்லாம் கேட்பார்கள்.

நியூ ஜெர்சிக்கென்று ஒரு விசேஷம் உண்டு. அங்கே பல ஊர்களில் தன்னார்வத் தொண்டர்கள் நடத்தும் ஆம்புலன்ஸ் குழுக்கள் இன்னமும் இருக்கின்றன. பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள், நன்கொடையில் ஓடும் வண்டி. சில குழுக்கள் பில்லே அனுப்புவதில்லை. ஆனால் அவர்கள் செய்வது அடிப்படைச் சிகிச்சை. பாராமெடிக் தேவைப்பட்டால் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த தனி வண்டி பின்னாலேயே வரும். பாராமெடிக் சேவையை ஆஸ்பத்திரிகள் நடத்துவது அந்த மாநிலத்தின் ஏற்பாடு. ஆகவே ஒரே பயணத்துக்கு வாசலில் இரண்டு வண்டி நின்றால் ஆச்சரியப்படாதீர்கள், இரண்டு இடத்திலிருந்து பில் வந்தாலும் மோசடி என்று நினைத்துவிடாதீர்கள். மகனிடம் சொல்லி, அவர் இருக்கும் பகுதிக்கு வருவது எந்தக் குழு, அவர்கள் பில் அனுப்புவார்களா என்று ஊராட்சி அலுவலகத்தில் இப்போதே கேட்டுவைக்கச் சொல்லுங்கள். வேறு மாநிலங்களில் சில ஊர்கள் வரி கட்டும் உள்ளூர்க்காரர்களிடம் இன்சூரன்ஸ் கொடுப்பதை மட்டும் வாங்கிக்கொண்டு மீதியை விட்டுவிடும். சில இடங்களில் வருடச் சந்தா உண்டு.

நம் 108 இலவசமாக வரும்போது பணக்கார நாட்டில் ஏன் இப்படி என்று கேட்பீர்கள். 1960-களில் அங்கே சுமார் பாதி ஆம்புலன்ஸ் சேவையை நடத்தியவர்கள் சவ அடக்கம் செய்யும் தொழில்காரர்கள். ஒருவரைப் படுக்கவைத்துக் கொண்டுபோகிற நீளமான வண்டி அவர்களிடம்தான் இருந்தது. 1965-இல் மெடிகேர் வந்தபோது ஆம்புலன்ஸ் ஒரு வாடகை வண்டியைப் போலத்தான் கணக்கில் ஏறியது, ஏற்றிச் சென்றால்தான் காசு. இன்றும் அடிப்படை அதுதான். இரவெல்லாம் ஆளும் வண்டியும் காத்திருக்கும் செலவை, அன்றைக்கு ஏறிய நாலு பேரின் பில்தான் சுமக்கிறது. அதே காரணத்தால், ஆம்புலன்ஸ் வந்து உங்கள் கணவருக்குச் சர்க்கரை இறங்கியிருப்பதைப் பார்த்து, குளுக்கோஸ் கொடுத்து, அவர் எழுந்து உட்கார்ந்து, "போகவேண்டாம்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டால், பல இடங்களில் பில் இருக்காது. சில இடங்களில் மட்டும் ஒரு தொகை கேட்பார்கள்.

இனி பில் வந்த பிறகு என்ன செய்வது. நான் அதிகம் பேசவேண்டியது இதைத்தான்.

எங்களிடம் "நோயாளி கட்டவேண்டியது" என்று கிடந்த கணக்குகளில் நிறைய, உண்மையில் இன்சூரன்ஸ் உள்ளவர்களுடையது. ஆம்புலன்ஸில் வந்தவர்கள் உயிரைப் பார்ப்பார்களா, அட்டையைக் கேட்பார்களா? ஆஸ்பத்திரியிலிருந்து விவரம் வரும், அதில் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும், நம்மவர்களுக்கு முதல் பெயர் எது, குடும்பப் பெயர் எது என்பதே குழப்பம். இன்சூரன்ஸ் கிடைக்கவில்லை என்று முழுத்தொகைக்கும் வீட்டுக்குக் கடிதம் போய்விடும். அந்தக் கடிதத்தைப் பார்த்துப் பயந்து மேஜை டிராயரில் போட்டுவிடுவார்கள். கிளெய்ம் அனுப்பக் காலக்கெடு இருக்கிறது, சில கம்பெனிகளில் மூன்றே மாதம். முதல் கடிதம் வந்த அன்றே போன் செய்து பாலிசி எண்ணைக் கொடுத்தாலே பாதிப் பிரச்சனை தீர்ந்துவிடும். விசிட்டர் இன்சூரன்ஸுக்குப் பல ஆம்புலன்ஸ்காரர்கள் நேரடியாக அனுப்பமாட்டார்கள், நீங்களே பில்லையும் ரிப்போர்ட்டையும் இணைத்துக் கிளெய்ம் போடவேண்டியிருக்கும். அதனால் கோடு எண் போட்ட விவரமான பில்லைக் கேட்டு வாங்குங்கள். மொத்தத்தொகை மட்டும் எழுதிய கடிதம் உதவாது.

இன்சூரன்ஸ் மறுத்துவிட்டால், வண்டியில் வந்தவர்கள் எழுதிய நோயாளிக் குறிப்பின் நகலைக் கேளுங்கள். மறுப்புக்கு வழக்கமான காரணம், "வேறு வாகனத்தில் போயிருக்கலாம்" என்பது. என்னிடம் ஒரு கணக்கு வந்தது. வயதான பெண்மணி, சமையலறையில் விழுந்திருக்கிறார். மறுத்துவிட்டார்கள். குறிப்பைத் திறந்து பார்த்தால், "நோயாளி ஸ்ட்ரெச்சர் வரை நடந்து வந்தார்" என்று ஒரு வரி. நடந்தவருக்கு எதற்கு ஆம்புலன்ஸ் என்பது கம்பெனியின் வாதம். இரண்டு பத்தி கீழே, இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்து நாலு அடி வைத்ததாகவும், நின்றதும் ரத்த அழுத்தம் சரிந்து கண் இருட்டியதாகவும் அதே கையெழுத்தில் இருந்தது. அந்தப் பத்தியை மேற்கோள் காட்டி மறுமுறையீடு அனுப்பினோம், காசு வந்தது. முதல் வரியோடு நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். அவசரம் என்று ஒரு சாதாரண மனிதர் நியாயமாக நினைக்கும் நிலைமையா என்பதை வைத்து வாதாடுங்கள், கடைசியில் டாக்டர் என்ன நோய் என்று சொன்னார் என்பதை வைத்து அல்ல.

இன்சூரன்ஸே இல்லை, அல்லது கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிட்டது, மீதி நிற்கிறது என்றால் பேரம் பேசலாம். கூச்சப்படவேண்டாம், அது அங்கே சாதாரணம். அரசுத் திட்டங்களிடம் அவர்கள் வாங்குவது கேட்கும் விலையைவிட வெகு குறைவு என்பது அவர்களுக்கே தெரியும். "ஒரே தடவையில் கட்டுகிறேன், எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று கேளுங்கள். வருமானம் குறைவு என்றால் கஷ்ட நிவாரணப் படிவம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்றுமில்லாவிட்டால் வட்டியில்லாத மாதத் தவணை. எது பேசினாலும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் கொடுத்த தள்ளுபடி அடுத்த மாதக் கடிதத்தில் காணாமல்போனதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பதிலே சொல்லாமல் விட்டால்தான் வசூல் ஏஜென்சிக்குப் போகும். 500 டாலருக்குக் கீழான மருத்துவ பாக்கி 2023-இலிருந்து கடன் அறிக்கையில் (கிரெடிட் ரிப்போர்ட்) ஏறுவதில்லை, கொஞ்சம் ஆறுதல்.

ஹெலிகாப்டர். அமெரிக்க அரசின் கணக்காய்வு அமைப்பு பார்த்ததில் 2017-இல் ஒரு பறப்புக்குக் கேட்கப்பட்ட நடுவிலை சுமார் 36,400 டாலர். 1978-இல் விமானக் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கியபோது போட்ட சட்டம், மாநிலங்கள் இந்த விலையில் தலையிட முடியாதபடி செய்துவிட்டது. வழக்கமான இன்சூரன்ஸ் உள்ளவர்களுக்கு 2022-க்குப் பிறகு பேலன்ஸ் பில் பயம் தீர்ந்தது. இல்லாதவர்களுக்கு இல்லை. விசிட்டர் திட்டத்தை அந்தச் சட்டம் காப்பாற்றும் என்றும் நம்பவேண்டாம். எடிசனில் சுற்றிலும் ஆஸ்பத்திரிகள் இருப்பதால் வீட்டிலிருந்து உங்களுக்கு அது வரும் வாய்ப்பு குறைவு. காரில் ஊர்சுற்றப் போகும்போது, மலைப்பகுதிகளில், அப்புறம் சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றும்போதுதான் ஹெலிகாப்டர் வரும்.

இவ்வளவும் படித்துவிட்டு, நெஞ்சுவலி வந்தால் மகன் காரிலேயே போய்விடலாம் என்று மட்டும் முடிவெடுத்துவிடாதீர்கள். வீட்டிலேயே ஈ.சி.ஜி. எடுத்து ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே அனுப்பி, அங்கே ஆட்களைத் தயார் செய்வது அந்த வண்டிதான். வழியில் இதயம் நின்றால் மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவியும் அதில்தான் இருக்கிறது. மகன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பின் சீட்டில் இருக்கும் அப்பாவை ஒன்றும் செய்ய முடியாது. கை உடைந்தது, தையல் போடவேண்டும், காய்ச்சல் என்றால் கார் போதும். நெஞ்சு, மூச்சு, வாய் கோணுதல், பேச்சுக் குழறல், மயக்கம் என்றால் 911. இன்சூரன்ஸ் உண்டா என்று அவர்கள் முதலில் கேட்கமாட்டார்கள். எமர்ஜென்சி அறையிலும் காசில்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது என்பது 1986-லிருந்து சட்டம்.

போய் இறங்கியதும் ஒரு காகிதத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருவர் பெயர், பிறந்த தேதி, பாலிசி எண், இன்சூரன்ஸ் கம்பெனியின் போன், ஸ்டென்ட் வைத்த தேதி, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். அங்கே ஆம்புலன்ஸ்காரர்கள் மருந்துப் பட்டியலை ஃபிரிட்ஜில் தேடுவது வழக்கம். அதன் இன்னொரு பிரதி அவர் சட்டைப்பையில் இருக்கட்டும்.